லண்டனில் மழை நாள்: எந்தப் பக்கம் போவது, எதைத் தள்ளிவைப்பது

வருஷக் கணக்கில் பார்த்தால் சென்னையில் பெய்கிற மழையில் பாதிகூட லண்டனில் பெய்வதில்லை. சென்னைக்குச் சுமார் 1,400 மில்லிமீட்டர் என்றால் லண்டனுக்கு 600 சொச்சம்தான். ஆனால் நம் ஊர் ஐப்பசி கார்த்திகையில் கொட்டித் தீர்ப்பதை, அந்த ஊர் பன்னிரண்டு மாதத்துக்கும் பங்கு போட்டுச் சிந்திக்கொண்டே இருக்கும். நாலைந்து நாள் பயணம் என்றால் ஒரு நாளாவது நனையும் என்று வைத்துக்கொண்டே திட்டம் போடுவது நல்லது.

முதலில் எந்த மாதிரி மழை என்று பாருங்கள். முந்தின இரவே பிரிட்டன் வானிலைத் துறையான மெட் ஆஃபீஸின் மணிவாரிக் கணிப்பைத் திறந்தால் போதும். மழை வாய்ப்பு ஒரு மணிக்கு 60 சதவீதம், அடுத்த மணிக்கு 20, மறுபடி 50 என்று ஏறி இறங்கினால் அது விட்டு விட்டு வரும் சாரல். ஒரு காபிக் கடையில் இருபது நிமிஷம் ஒதுங்கினால் வெளுத்துவிடும். திட்டத்தை மாற்றவே வேண்டாம். காலை 8 மணியிலிருந்து மாலை வரை 80, 90 என்று ஒரே மட்டத்தில் நின்றால் அட்லாண்டிக் பக்கமிருந்து வரும் மழைப்பட்டை நகரத்தின் மேல் உட்காரப்போகிறது என்று அர்த்தம். கீழே சொல்வதெல்லாம் அந்த மாதிரி நாளுக்கு.

அன்றைக்கு இடங்களின் பெருமையை ஒப்பிட்டுப் பயனில்லை. மூன்று விஷயங்களை ஒப்பிட வேண்டும். ரயிலிலிருந்து இறங்கி வாசல் வரை திறந்தவெளியில் எவ்வளவு தூரம் நடக்க வேண்டும்? பாதுகாப்புச் சோதனை வரிசை கூரைக்கு அடியிலா, தெருவிலா? உங்களைப் போலவே மழைக்கு ஒதுங்கும் மற்றவர்கள் எங்கே போய் நெருக்கியடிப்பார்கள்? பலரும் கோட்டைவிடுவது மூன்றாவதில். கூரை இருக்கிறது, இலவசம், உலகப் புகழ் என்ற மூன்றும் சேர்ந்த இடத்துக்கு லண்டனில் இருக்கும் சுற்றுலாப் பயணிகள் அத்தனை பேரும் அதே பதினொரு மணிக்குத்தான் வந்து சேருவார்கள்.

சவுத் கென்சிங்டன்: தரைக்கடியில் ஒரு வழி

குழந்தைகளோடு போகிறவர்களுக்கு யோசிக்காமல் சொல்லக்கூடிய இடம் இது. இயற்கை வரலாற்று அருங்காட்சியகம், அறிவியல் அருங்காட்சியகம், வி அண்ட் ஏ என்று எல்லாரும் சொல்லும் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம் மூன்றும் எக்ஸிபிஷன் சாலையின் இரு பக்கமும் எதிரும் புதிருமாக நிற்கின்றன. மூன்றுக்கும் பொது நுழைவு இலவசம். சிறப்புக் கண்காட்சிகளுக்கும், அறிவியல் அருங்காட்சியகத்தில் குழந்தைகள் கையால் தொட்டு விளையாடும் வொண்டர்லேபுக்கும் மட்டும் கட்டணம் உண்டு.

மழை நாளில் இந்த வட்டாரத்துக்கு ஒரு தனி வசதி. சவுத் கென்சிங்டன் ரயில் நிலையத்தின் டிக்கெட் கூடத்திலிருந்தே 433 மீட்டர் நீளத்துக்குத் தெருவுக்கு அடியில் ஒரு நடைபாதைச் சுரங்கம் ஓடுகிறது. 1885-இல் கட்டியபோது இதில் நடக்க ஒரு பென்னி வசூலித்தார்கள், இப்போது காசில்லை. வெள்ளையும் மஞ்சளுமாக ஓடு பதித்த சுவர், மேலே கண்ணாடி வைத்த வெளிச்சக் கிணறுகள். மழையன்று மேலே குடைகள் ஒன்றோடொன்று மோதிக்கொண்டிருக்க, நீங்கள் கீழே காய்ந்த காலோடு நடக்கலாம். பெரும்பாலானவர்கள் செய்யும் தப்பு, நிலையத்தின் கடை வரிசை வழியே தெருவுக்கு ஏறிவிடுவது. ஏறாமல், ‘மியூசியம்ஸ்’ என்று எழுதிய அம்புக்குறியைப் பிடித்துப் போங்கள். அருங்காட்சியகங்கள் மூடும் நேரத்தை ஒட்டிச் சுரங்க வாசல்களையும் அடைத்துவிடுவார்கள் என்பதால் இரவில் இந்த வழியை நம்ப வேண்டாம்.

மூன்றில் எதை முதலில் பார்ப்பது என்பதில்தான் நாளின் வெற்றி இருக்கிறது. இயற்கை வரலாறு காலை 10 மணிக்குத் திறக்கும். 10 அடிக்கும்போது வாசலில் நிற்க வேண்டிய ஒரே இடம் அது. டைனோசர் கூடத்தில் தலையை ஆட்டி உறுமும் இயந்திர டி. ரெக்ஸ் இருப்பதால், மழையும் பள்ளி விடுமுறையும் சேர்ந்த நாளில் 11 மணிக்கு மேல் அந்தக் கூடத்துக்குள் மட்டும் தனி வரிசை உருவாகும். பிரிட்டிஷ் பள்ளிகளுக்கு பிப்ரவரி நடுவிலும், மே கடைசியிலும், அக்டோபர் கடைசியிலும் ஒவ்வொரு வாரம் அரைப்பருவ விடுமுறை உண்டு. உங்கள் தேதி அதில் விழுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இலவச நேரச் சீட்டை இணையத்தில் முன்பே எடுத்துவிட்டால் வரிசை குறையும். கிராம்வெல் சாலை வாசல்தான் படங்களில் பார்த்த பெரிய வாசல், கூட்டமும் அங்கேதான். எக்ஸிபிஷன் சாலை வாசலில் காத்திருப்பு பெரும்பாலும் குறைவு. அதன் வழியே போனால் பூமிக்கோளத்துக்குள் புகும் நகரும் படிக்கட்டில் ஏறலாம். குழந்தைகளுக்கு அதுவே பாதிக் கொண்டாட்டம். நடுக்கூடத்தில் தொங்கும் நீலத்திமிங்கில எலும்புக்கூடு 25.2 மீட்டர் நீளம். 1891-இல் அயர்லாந்தின் வெக்ஸ்ஃபோர்டில் கரை ஒதுங்கியது. கீழே நின்று அண்ணாந்து பார்த்துவிட்டு, மாடிக்கு ஏறி அதன் தாடைக்கு நேரே நின்று இன்னொரு தடவை பாருங்கள். கீழே நின்று கழுத்து வலித்ததுதான் மிச்சம் என்று திரும்புகிறவர்கள் அதிகம்.

அடுத்து அறிவியல். 1969-இல் நிலவைச் சுற்றிவிட்டு வந்த அப்பல்லோ 10 விண்கலத்தின் கூம்பு இங்கே இருக்கிறது. வெப்பத்தில் கருகிய அதன் அடிப்பாகத்தை இரண்டடி தள்ளி நின்று பார்க்கலாம். இன்றிருக்கும் நீராவி ரயில் இஞ்சின்களில் மிகப் பழையதான பஃபிங் பில்லியும் அதே தளத்தில்தான். கையில் கொண்டுவந்த புளியோதரையைச் சாப்பிடவும் மூன்றில் தோதானது இதுதான். வீட்டுச் சாப்பாட்டோடு வருகிறவர்கள் உட்காரத் தனி இடம் உண்டு.

வி அண்ட் ஏயை மத்தியானத்துக்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள். குழந்தைக் கூட்டம் இங்கே அவ்வளவாக வராது. மழை நாளில் மற்ற இரண்டும் திருவிழாவாக இருக்கும்போது இங்கே சில கூடங்களில் உங்கள் காலடிச் சத்தம் உங்களுக்கே கேட்கும். ரோமின் டிராஜன் தூணை அச்செடுத்து, கூரைக்குள் அடங்காததால் இரண்டு துண்டாக நிறுத்தியிருக்கும் வார்ப்புக் கூடத்தைத் தவற விடாதீர்கள். இன்னொன்று, இஸ்லாமியக் கலைக் கூடத்தின் நடுவில் தரையிலேயே விரித்துக் கண்ணாடிக்குள் வைத்திருக்கும் ஆர்தபீல் கம்பளம். 1539–40-இல் ஈரானில் நெய்தது. பத்து மீட்டருக்கு மேல் நீளம். சாயம் வெளுக்காமலிருக்க விளக்கை மங்கலாகவே வைத்திருப்பார்கள். ஒவ்வொரு மணி நேரமும் அரை மணி நேரமும் அடிக்கும்போது பத்து நிமிஷம் மட்டும் வெளிச்சம் கூடும். 2.40-க்குப் போனவர் ‘இருட்டாக ஏதோ கம்பளம்’ என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார். 3 மணிக்கு நின்றவருக்குத்தான் அந்தச் சிவப்பும் நீலமும் கிடைக்கும்.

இந்த வட்டாரத்தின் குறை, ரயில் நிலையம். பிக்கடில்லி தடத்தின் நடைமேடைக்குப் படியில்லாமல் போய் வர முடியாது, லிஃப்ட் இல்லை. முட்டிவலிக்காரர்களை அழைத்துப் போனால் பேருந்தே மேல்.

பிரிட்டிஷ் அருங்காட்சியகம்: உள்ளே போய்விட்டால் கவலையில்லை

இங்கே கதை தலைகீழ். உள்ளே நுழைந்தபின் மழையைப் பற்றி நினைக்கவே வேண்டாம். நடுமுற்றத்தின் மேல் நார்மன் ஃபாஸ்டர் வடிவமைத்து 2000-இல் திறந்த கண்ணாடிக் கூரை இருக்கிறது. 3,312 கண்ணாடிகள், ஒன்றின் அளவு இன்னொன்றுக்கு வராது. மழைத் தாரை அதன் மேல் வழிவதைப் பார்த்துக்கொண்டே கீழே உட்கார்ந்திருக்கலாம். சிக்கல், உள்ளே நுழையும் வரை. பைச் சோதனை வரிசை வெளியே, இரும்பு வேலியை ஒட்டி நிற்கும். பதினொன்றிலிருந்து ஒரு மணி வரை அது நீளும் நேரம். அந்த வரிசையில் மழையில் நனையாமலிருக்க மூன்று வழி: இலவச நேரச் சீட்டை முன்பே எடுப்பது, 10 மணிக்கே போய் நிற்பது, அல்லது 3 மணிக்கு மேல் போவது. பின்பக்கம் மான்டேகு பிளேஸில் இன்னொரு வாசல் இருக்கிறது. முன்வாசலை மட்டுமே படத்தில் பார்த்தவர்களுக்கு அது தெரியாது, அதனால் வரிசையும் பெரும்பாலும் சின்னது.

எந்த ரயில் நிலையத்தில் இறங்குவது என்பதிலும் கணக்கு இருக்கிறது. ஹோபர்னும் டாட்டன்ஹாம் கோர்ட் ரோடும் கிட்டத்தட்ட சம தூரம். ரஸ்ஸல் ஸ்கொயர் பின்வாசலுக்குப் பக்கம். ஆனால் அங்கே லிஃப்டுக்கு வரிசை நிற்கிறதே என்று படியில் இறங்கிவிட்டால் 175 படி. வயதானவர்களோடு வந்தால் டாட்டன்ஹாம் கோர்ட் ரோடுதான் சரி. தெருவிலிருந்து நடைமேடை வரை படியில்லாமல் போகலாம், ஹீத்ரோவிலிருந்து எலிசபெத் தடம் நேராக வருகிறது. ஒரே எச்சரிக்கை: எலிசபெத் தட ரயில் 200 மீட்டருக்கு மேல் நீளம், நடைமேடையின் இரண்டு முனையிலும் வெளிவாசல். மேற்கு முனையில் ஏறிவிட்டால் டீன் தெருவில், சோஹோவுக்கு நடுவில் போய் நிற்பீர்கள். அருங்காட்சியகத்துக்குக் கிழக்கு முனையைப் பிடிக்க வேண்டும்.

உள்ளே எல்லாரும் முதலில் ஓடுவது 4-ஆம் கூடத்தில் இருக்கும் ரொசெட்டா கல்லுக்கும், மாடியில் 62, 63-இல் இருக்கும் எகிப்திய மம்மிகளுக்கும். மழை நாளில் அந்த இரண்டு இடங்களும் தீபாவளிக்கு முந்தின நாள் ரங்கநாதன் தெரு மாதிரி இருக்கும். அவற்றைக் கடைசி ஒரு மணி நேரத்துக்குத் தள்ளிவிட்டு, பின்வாசல் பக்கமிருந்து 33-ஆம் கூடத்துக்கு ஏறுங்கள். இந்தியாவும் சீனமும் இருக்கும் நீண்ட கூடம் அது. அதன் ஒரு முனையில் கண்ணாடி அடைத்த 33ஏ என்ற அறையில் அமராவதிச் சிற்பங்கள். குண்டூர்ப் பக்கம் கிருஷ்ணை ஆற்றங்கரையில் இருந்த பெரிய பௌத்த ஸ்தூபத்தின் சுண்ணாம்புக்கல் பலகைகள். 1845-இல் கம்பெனி அதிகாரி வால்டர் எலியட் தோண்டியெடுத்து மதராசுக்கு அனுப்பி, அங்கிருந்து 1859-இல் லண்டனுக்குக் கப்பலேறியவை. இவற்றின் உடன்பிறப்புகள் இன்றும் எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. எழும்பூரில் பார்த்தவர்களுக்கு இந்த அறை பாதிக் கேள்விக்குப் பதில் மாதிரி இருக்கும்.

ஒரே ஒரு பலகையின் முன் பத்து நிமிஷம் நின்றாலும் போதும். இரண்டு பக்கமும் செதுக்கிய பலகை அது. ஒரு பக்கம் பழையது, கி.மு. முதல் நூற்றாண்டு: போதி மரமும் வெற்று இருக்கையும், சுற்றிலும் வணங்குகிறவர்கள், புத்தர் உருவமாக இல்லை. சில நூற்றாண்டு கழித்து அதே கல்லைத் திருப்பிப் போட்டு மறுபக்கத்தில் முழு ஸ்தூபத்தையே செதுக்கியிருக்கிறார்கள்: வாசலில் சிங்கங்கள், அரைக்கோளக் குவிமாடம், அதன்மேல் பறந்துவரும் வானவர்கள். இடிந்துபோன அந்த ஸ்தூபம் நிமிர்ந்து நின்ற காலத்தில் எப்படி இருந்தது என்று இன்றைக்கு ஊகிக்க இந்த மாதிரிப் பலகைகள்தான் துணை. கல்லை மிச்சம் பிடிக்கத் திருப்பிப் போட்டார்கள் என்பதால் நமக்கு இரண்டு காலமும் ஒரே கல்லில் கிடைத்தது.

சவுத் கென்சிங்டனோடு ஒப்பிட்டால், குழந்தைகளுக்கு இங்கே இரண்டு மணி நேரத்துக்கு மேல் தாங்காது. வரலாற்றில் பிடிப்புள்ள பெரியவர்களுக்கு ஒரு நாள் போதாது. பெரிய பெட்டியோடு உள்ளே விடமாட்டார்கள். விடுதியைக் காலி செய்துவிட்டு, இரவு விமானத்துக்கு முன் இங்கே பொழுதைக் கழிக்கலாம் என்று சக்கரப் பெட்டியை இழுத்துக்கொண்டு வருகிறவர்கள் வாசலிலேயே திரும்ப வேண்டியிருக்கும். பெட்டியை விடுதியிலோ ரயில் நிலையத்தின் பொருள் காப்பகத்திலோ விட்டுவிட்டு வாருங்கள்.

டிரஃபால்கர் சதுக்கம்: அரை நாள்தான் இருக்கிறது என்றால்

மதியம் வரை விடுதியில் சோம்பிவிட்டு, மிச்ச நேரத்தைக் காப்பாற்றப் பார்க்கிறவர்களுக்கு நேஷனல் கேலரி என்ற ஓவியக் கூடம். சேரிங் கிராஸ் நிலையத்தின் ஒரு வெளிவழி சதுக்கத்திலேயே ஏறுகிறது. திறந்தவெளி நடை இரண்டு மூன்று நிமிஷம். 2025-இல் புதுப்பித்து மீண்டும் திறந்த செயின்ஸ்பரி பகுதிதான் இப்போது முதன்மை வாசல். இங்கே நம்மவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று: ஓவியங்கள் மேல் சூப் வீசிய போராட்டங்களுக்குப் பிறகு, 2024 அக்டோபரிலிருந்து குழந்தைப் பால், மருந்து தவிர வேறு திரவம் எதையும் உள்ளே விடுவதில்லை என்று கேலரி அறிவித்தது. பிளாஸ்க்கில் காபி கொண்டுபோகாதீர்கள். தண்ணீர் பாட்டிலையும் காலியாகவே பையில் வையுங்கள்.

மழைக்கு ஒதுங்கி வந்தவர் இங்கே பார்க்க வேண்டிய படம் மழையே தான்: டர்னர் 1844-இல் காட்சிக்கு வைத்த ‘மழை, நீராவி, வேகம்’. மெய்டன்ஹெட் பாலத்தின் மேல் ஒரு ரயில், தண்ணீரும் புகையும் பிரித்தறிய முடியாத காற்று. ரயிலுக்கு முன்னால் தண்டவாளத்தில் ஒரு முயல் ஓடுகிறது. வண்ணம் மங்கிவிட்டதால் சட்டென்று தெரியாது. வலதுபுறம் கீழே, இஞ்சினுக்கு முன்னால், பழுப்பில் ஒரு கோடு மாதிரித் தேடுங்கள். எந்தக் கூடம் என்று வாசலிலேயே கேட்டுக்கொள்வது நல்லது. படங்களை அவ்வப்போது இடம் மாற்றுகிறார்கள்.

பின்பக்கமே நேஷனல் போர்ட்ரெய்ட் கேலரி, எதிரே செயின்ட் மார்ட்டின் தேவாலயத்தின் நிலவறை உணவகம். கல்லறைப் பலகைகளே தரையாகப் பாவியிருக்கும் அந்த நிலவறையில் சூப் குடிப்பது சிலருக்கு ஒவ்வாமல் போகலாம். சூடாக, காய்ந்த இடமாக, நியாயமான விலையில் உட்கார இதைவிட்டால் சுற்றுவட்டாரத்தில் குறைவுதான்.

காசு கட்டும் இடங்கள்

மழை நாளில் கட்டணம் கட்டக் கூடாத இடம் எது என்றால், லண்டன் கோபுரக் கோட்டை. பார்க்க வேண்டிய இடம்தான், சந்தேகமில்லை. ஆனால் அது ஒரு கட்டிடமல்ல, ஒரு ஊர். கோபுரத்துக்குக் கோபுரம் திறந்தவெளியில் உருளைக்கல் பாதை, நனைந்தால் வழுக்கும். மணிமகுடங்கள் கட்டிடத்துக்குள் இருந்தாலும் அதற்கான வரிசை முற்றத்தில் வளையும். நான்கு பெரியவர்களுக்கு 100 பவுண்டுக்கு மேல், அதாவது பத்தாயிரம் ரூபாய்க்கு மேல் கொடுத்து நனைவானேன்? தேதி மாற்ற முடிந்த டிக்கெட் என்றால் மாற்றுங்கள். முடியாவிட்டால் திறக்கும் நேரத்துக்கே போய், மற்றதை விட்டுவிட்டு மணிமகுட வரிசையில் முதலில் நில்லுங்கள்.

உயரத்திலிருந்து பார்க்கும் இடங்கள் எல்லாமே அன்றைக்கு நஷ்டம். 135 மீட்டர் உயர லண்டன் ஐ ராட்டினத்தில் கண்ணாடி முழுக்க நீர்த்துளி. 244 மீட்டரில் இருக்கும் ஷார்டின் மேல்தளமோ தாழ்ந்த மேகம் இறங்கினால் வெள்ளைச் சுவர். ஸ்கை கார்டன் இலவசம் என்பதால் போனாலும் பெரிய நஷ்டமில்லை. ஆனால் அதற்காக மட்டும் புறப்பட வேண்டாம்.

வெஸ்ட்மின்ஸ்டர் அபேயும் செயின்ட் பால் தேவாலயமும் மழைக்கு நல்ல இடங்கள். ஞாயிற்றுக்கிழமை இரண்டிலும் வழிபாடு மட்டும்தான், சுற்றிப் பார்க்க விடமாட்டார்கள். இதைத் தெரியாமல் ஞாயிறு காலையில் வந்து வாசலில் நிற்கிற குடும்பங்கள் ஏராளம். செயின்ட் பாலில் மேலே ஏறும் மாடங்களில் 257 படி ஏறினால் வரும் முணுமுணுப்பு மாடம் உள்ளே இருப்பது. அதற்கு மேல் 376-ஆவது படியிலும் 528-ஆவது படியிலும் இருப்பவை வெளிமாடங்கள், மழைக்காற்றில் ஏறி ஒன்றும் தெரியாது. காசு கொடுக்க மனமில்லாதவர்களுக்கு ஒரு வழி உண்டு: மாலை நேரப் பாடல் வழிபாடு. வாரநாட்களில் பெரும்பாலும் 5 மணிக்கு, கட்டணமில்லை, முக்கால் மணி நேரம். படம் எடுக்கக் கூடாது, நடுவில் எழுந்து போகக் கூடாது. அந்தப் பாடல் குழு அந்தக் கல் மண்டபத்தில் பாடுவதைக் கேட்பது, டிக்கெட் வாங்கி ஒலிக்கருவியைக் காதில் மாட்டிக்கொண்டு சுற்றுவதைவிட எவ்வளவோ மேல்.

சர்ச்சில் போர் அறைகள் தரைக்கடியில் இருப்பவை. உள்ளே மழை தெரியாது. ஆனால் நேரச் சீட்டு இருந்தாலும் வெளிப்படிக்கட்டில் காத்திருக்க நேரும், அன்றன்றைக்குச் சீட்டுக் கிடைப்பதும் சிரமம்.

கூட்டத்துக்கு எதிர்த்திசை

நெருக்கடி பிடிக்காதவர்களுக்கு லண்டன் டாக்லேண்ட்ஸ் அருங்காட்சியகத்தைச் சொல்லலாம். 1802-இல் திறந்த மேற்கிந்தியத் துறைமுகத்தின் சர்க்கரைக் கிடங்கில் அமைந்தது. மரத்தூணும் உத்தரமும் அன்றைக்குப் போட்டவை. லண்டன் எந்தக் கடல் வணிகத்தில் கொழுத்தது, அதில் அடிமைகள் எத்தனை பேர் அரைபட்டார்கள் என்பதை ஒளிக்காமல் சொல்கிறது. பழைய மாலுமிகளின் சந்துகளை இருட்டும் விளக்குமாகத் திரும்பக் கட்டியிருக்கிறார்கள், குழந்தைகளும் ரசிப்பார்கள். இலவசம். கனரி வார்ஃபில் இறங்கினால் நிலத்தடிக் கடைத்தெருக்கள் வழியே பாதி தூரம் நனையாமல் வரலாம், கடைசியில் ஒரு நடைப்பாலம் மட்டும் திறந்தது. வழியில் எலிசபெத் தட ரயில் நிலையத்துக்கு மேல் இருக்கும் கூரைத்தோட்டத்தை நம்பி ஒதுங்காதீர்கள். செடிகளுக்குத் தண்ணீர் விழட்டும் என்று அதன் மரச்சட்டக் கூரையை நடுவில் திறந்தே விட்டிருக்கிறார்கள்.

செயின்ட் பேங்க்ரஸ் பக்கம் பிரிட்டிஷ் நூலகத்தின் பொக்கிஷக் கூடம் ஒரு மணி நேரத்துக்கு நிறைவானது. 1215-இன் மாக்னா கார்ட்டா உரிமைச் சாசனம் அங்கே. அதோடு யூஸ்டனுக்குப் பின்னால் இருக்கும் டிரம்மண்ட் தெருவைச் சேர்த்துக்கொள்ளுங்கள்: தோசையும் பேல்பூரியும் கிடைக்கும் சைவ உணவகங்கள் வரிசையாக.

ஹோபர்னில் இருக்கும், கட்டிடக் கலைஞர் சர் ஜான் சோனின் வீட்டு அருங்காட்சியகம் அழகு, இலவசம். மழை நாளுக்குப் பொறி. சந்து மாதிரி குறுகலான அறைகள் என்பதால் சில பத்துப் பேரைத்தான் ஒரு நேரத்தில் விடுவார்கள். மிச்சப் பேர் தெருவில். திங்களும் செவ்வாயும் மூடல் வேறு.

நகர்வது எப்படி

மேல்தளம் திறந்த சுற்றுலாப் பேருந்தில் மழையன்று எல்லாரும் கீழ்த்தளத்தில் அடைந்துகொண்டு, பனித்த கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அதற்குப் பதில் சாதாரணச் சிவப்புப் பேருந்தின் மாடியில் முன்வரிசை. 2025-இல் கட்டணம் 1.75 பவுண்டு, முதல் தட்டலிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் எத்தனை பேருந்து மாறினாலும் அதே காசு. 15-ஆம் எண் டிரஃபால்கர் சதுக்கத்திலிருந்து ஃப்ளீட் தெரு, செயின்ட் பால் வழியே கோபுரக் கோட்டை வரை காட்டிவிடும். 14-ஆம் எண் சவுத் கென்சிங்டனையும் பிரிட்டிஷ் அருங்காட்சியக வட்டாரத்தையும் இணைக்கிறது. ஆனாலும் இரண்டையும் ஒரே நாளில் பார்க்கும் ஆசை வேண்டாம்: மழையன்று பிக்கடில்லியில் போக்குவரத்து ஊர்ந்துதான் நகரும், கால்நாள் சாலையிலேயே போய்விடும். ஒரு வட்டாரம், ஒரு நாள்.

பேருந்தில் ரொக்கம் வாங்கமாட்டார்கள். விசா, மாஸ்டர்கார்டு, அமெக்ஸ் அட்டையைத் தட்டலாம். ஆனால் இந்திய அட்டைகளில் வெளிநாட்டுப் பயன்பாடும் தொடாப் பணமும் தாமாக இயங்கா, வங்கிச் செயலியில் நீங்கள்தான் திறக்க வேண்டும். ஊரிலேயே செய்துவிட்டுப் புறப்படுங்கள். ஆளுக்கு ஒரு அட்டை. ஏறும்போது அட்டை, இறங்கும்போது அதே கணக்கின் கைபேசி என்று தட்டினால் இரண்டு தனி ஆளாகக் கணக்காகி, ரயிலில் இரண்டுக்கும் உச்சக் கட்டணம் பிடிப்பார்கள். பேருந்தில் ஏறும்போது மட்டும் தட்டினால் போதும். பத்து வயது வரை குழந்தைகளுக்குப் பேருந்தில் காசில்லை. பெரியவர் துணையோடு சுரங்க ரயிலிலும் இல்லை. அகலக் கதவில் ஊழியரிடம் சொல்லிவிட்டு நடத்திக்கொண்டு போங்கள்.

குடையைவிடத் தலைமூடி வைத்த மழைச்சட்டை நல்லது. லண்டன் மழை நேராக இறங்காது, தெருமுனைக் காற்றில் சாய்ந்தடிக்கும். மடக்குக் குடை இரண்டாவது திருப்பத்தில் கம்பி மடங்கிவிடும். ஜீன்ஸ் நனைந்தால் மாலை வரை காயாது. சேலை கட்டும் பெரியவர்களுக்குக் கரையிலிருந்து முழங்கால் வரை ஈரம் ஏறும். கொஞ்சம் தூக்கிக் கட்டி, அடியில் வெப்ப உள்ளாடையும் மூடிய காலணியும் போட்டால் சமாளிக்கலாம். ஒரு ஜோடி உலர்ந்த காலுறையைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி எடுத்துக்கொள்ளுங்கள்; மத்தியானம் மூன்று மணிக்கு அதன் அருமை தெரியும்.

வெள்ளிக்கிழமை என்றால்

மழை வெள்ளிக்கிழமை வந்தால் கணக்கே மாறும். மற்ற நாளில் பிரிட்டிஷ் அருங்காட்சியகம் 5 மணிக்கும், வி அண்ட் ஏ 5.45-க்கும், நேஷனல் கேலரி 6-க்கும் மூடும். வெள்ளியன்று முறையே இரவு 8.30, 10, 9 வரை. சில கூடங்கள் முன்னதாக அடைபடலாம். டிசம்பரில் நாலு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும் ஊரில் இது பெரிய விஷயம். அன்றைக்குக் காலையில் குழந்தைகளுக்காக டைனோசர், அறிவியல். ஐந்தரைக்கு மேல் கூட்டம் கலைந்தபின் வி அண்ட் ஏ. அங்கே வடிவமைப்பாளர் வில்லியம் மாரிஸ் அலங்கரித்த அறை ஒன்றுண்டு, பழைய சிற்றுண்டி அறை. சுவரின் பச்சை இலைகளைப் பார்த்துக்கொண்டே ஸ்கோன் என்ற சின்ன ரொட்டியும் தேநீரும் சாப்பிடலாம்.

ஸ்கோன் வயிற்றுக்குப் போதாதவர்கள் சவுத் கென்சிங்டனிலேயே டிஸ்ட்ரிக்ட் தடத்தில் கிழக்கு நோக்கி ஏறினால் மாறாமல் ஈஸ்ட் ஹாம், சுமார் முக்கால் மணி நேரம். அதே நடைமேடைக்கு, வரைபடத்தில் மஞ்சளாகக் காட்டும் சர்க்கிள் தட ரயிலும் வரும். அவசரத்தில் அதில் ஏறிவிட்டால் டவர் ஹில் தாண்டி வடக்கே திரும்பிவிடும். முகப்பில் அப்மின்ஸ்டர் அல்லது பார்க்கிங் என்று எழுதியிருக்க வேண்டும். பார்க்கிங் என்பது ஊர்ப் பெயர், வண்டி நிறுத்தமல்ல. ஈஸ்ட் ஹாமில் இறங்கி ஹை ஸ்ட்ரீட் நார்த்தில் திரும்பினால் ஐந்து நிமிஷ நடைக்குள் இடியாப்பமும் சொதியும், தட்டில் கொத்தும் ஓசையோடு கொத்துரொட்டியும்.